பிரிபடாத பாகம்: குடியிருப்போர் சங்கமும் கணக்குக் கேட்பவரும்

ஓசூரில் ஒரு ஃபிளாட் வாங்குபவரின் பத்திரத்தில் இரண்டு சொத்துகள் எழுதப்பட்டிருக்கும். ஒன்று, நான்கு சுவருக்குள் அடங்கிய வீடு. மற்றொன்று, அந்தக் கட்டடம் நிற்கும் மனையில் அவருக்கு உள்ள பிரிபடாத பாகம். புரோக்கர் தொடங்கி வங்கி மேலாளர் வரை எல்லோரும் யூ.டி.எஸ். என்று சொல்வது இதைத்தான். வாங்கும் நாளில் எல்லோருடைய கண்ணும் முதல் சொத்தின் மீதுதான் இருக்கும். டைல்ஸ் சரியா, கிழக்குப் பார்த்த வாசலா, பால்கனியில் காற்று வருமா என்று பார்க்கிறோம். குடிபோன பிறகு வருகிற சண்டைகளில் பெரும்பாலானவை இரண்டாவது சொத்தைப் பற்றியவை. போர், சம்ப், லிஃப்ட், மொட்டை மாடி, கார் நிறுத்தும் இடம், கழிவுநீர் சுத்திகரிக்கும் எஸ்.டி.பி., கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி எல்லாம் எல்லோருக்கும் சொந்தம். அவற்றை நிர்வகிப்பது சங்கம். அந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழு நியாயம் தவறினால் வீட்டுக்காரர் என்ன செய்ய முடியும்? சட்டம் அவருக்கு எதைக் கொடுத்திருக்கிறது, எதைக் கொடுக்கவில்லை?

இந்தக் கேள்வி நம் பகுதிக்குப் புதிது. சிப்காட் வந்து, அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் தொழிற்சாலை திறந்த காலத்தில் ஓசூரில் தொழிலாளிக்கும் அலுவலருக்கும் வீடு என்றால் பழைய ஏ.எஸ்.டி.சி. ஹட்கோ, பாகலூர் ஹட்கோ போன்ற குடியிருப்புகள்தான். அங்கே தெருவும் சாக்கடையும் தெருவிளக்கும் பொது நிர்வாகத்தின் பொறுப்பு. குறை இருந்தால் நகராட்சியில் போய்க் கேட்கலாம். கவுன்சிலரை அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. அத்திப்பள்ளி எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரு விலை ஏற ஏற, இந்தப் பக்கம் அடுக்குமாடிகளும் கேட் போட்ட மனைப்பிரிவுகளும் பெருகின. போச்சம்பள்ளியில் 500 ஏக்கரில் ஓலா எலக்ட்ரிக் தொழிற்சாலை எழுந்ததும், கெலமங்கலம் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் வந்ததும் இந்த அலையைக் கிழக்கிலும் தெற்கிலும் தள்ளிக்கொண்டு போகின்றன. தெருவிளக்கும் குடிநீரும் காவலும் மாநகராட்சியின் கையிலிருந்து சங்கத்தின் கைக்கு மாறின. கவுன்சிலருக்கு இருந்த தேர்தலும் தணிக்கையும் சட்டமன்றக் கண்காணிப்பும் சங்கச் செயலாளருக்கு வந்து சேரவில்லை.

பொதுச் சொத்தைக் கூடி நிர்வகிக்கத் தெரியாத மண் அல்ல இது. போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் பாரூர் பெரிய ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். தென்பெண்ணையில் நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து வாய்க்கால் வழியாக ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. ஏரியிலிருந்து முறைவைத்துப் பாசனத்துக்குப் போகிறது. எந்த மடை எந்த நாளில் திறக்கும் என்பது ஆயக்கட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. தெரியாவிட்டால் தலைமடைக்காரர் வயலில் தண்ணீர் நிற்கும், கடைமடை காயும். 2000ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம், நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்துக்குத் தலைவரை உழவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வழி செய்தது. அடுக்குமாடியில் கடைமடை என்பது மேல் தளம். மோட்டாரை எப்போது போடுகிறார்கள், டேங்கர் எத்தனை லோடு வந்தது என்பது அங்கே குடியிருப்பவருக்குத் தெரியாவிட்டால் அவர் பங்குத் தண்ணீர் எங்கே போனது என்றும் தெரியாது. சங்கங்களில் நடக்கும் அநீதியின் வேர் பெரும்பாலும் இதுதான் என்பது என் கருத்து. கெட்ட எண்ணத்தோடு பொறுப்புக்கு வருபவர்கள் குறைவு. யாரும் முன்வராத வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிற ஒருவர், ஓராண்டு கணக்குக் காட்டாமல் விடுகிறார். இரண்டாம் ஆண்டு யாராவது கேட்டால் அதைத் தன் நாணயத்தின் மீதான சந்தேகமாக எடுத்துக்கொள்கிறார். மூன்றாம் ஆண்டு, கேட்டவர் சங்கத்தின் எதிரி ஆகிவிடுகிறார்.

குறைகளின் வகை எங்கும் ஒன்றுபோலவே இருக்கிறது. பொதுக்குழு கூடுவதில்லை. கூடினாலும் வரவு செலவு ஒரு தாளில் நான்கு வரியாக வருகிறது. பில்டர் கொடுத்த கார்பஸ் ஃபண்ட் எந்த வங்கியில் எந்தப் பெயரில் இருக்கிறது என்று சொல்லமாட்டார்கள். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஒப்பந்தம் விலைப்புள்ளி கேட்காமல் ஒருவருக்கே போகிறது. குடிபோக ஒரு கட்டணம், காலி செய்ய ஒரு கட்டணம், தாமதத்துக்கு அபராதம், அபராதத்துக்கு வட்டி. வாடகைக்கு விடுபவருக்கு ஒரு விதி, தானே குடியிருப்பவருக்கு ஒரு விதி. எதிர்த்துப் பேசுபவரின் வீட்டுக்கு மட்டும் குழாயில் தண்ணீர் நின்றுபோகிறது. லிஃப்ட் கார்டு வேலை செய்வதில்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்து பெயர் நீங்குகிறது.

நம் பகுதியில் இவற்றில் முதலிடம் தண்ணீருக்கு. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அதனால்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போடப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. பெரிய குடியிருப்புகளின் அன்றாடத் தேவையைக் குழாய்த் தண்ணீர் மட்டும் தீர்ப்பதில்லை. போர் வற்றும் மாதங்களில் டேங்கர் லாரிதான் கதி. கோடையில் மெயின்டெனன்ஸ் பணத்தைப் பெரிதாக விழுங்குவது இந்த லாரிச் செலவு. பன்னிரண்டாயிரம் லிட்டர் என்று பில் போட்ட லாரியில் எத்தனை லிட்டர் இருந்தது, அது வந்த நேரம் என்ன, யார் பார்த்து இறக்கினார் என்பதற்குப் பதிவு இல்லாத குடியிருப்பில் எந்த ஆடிட்டராலும் கணக்கைச் சரிபார்க்க முடியாது. கேட்டில் ஒரு நோட்டு; அதில் லாரி எண், நேரம், அளவு, செக்யூரிட்டி கையெழுத்து, குடியிருப்பவர் ஒருவரின் கையெழுத்து. ஒரு சங்கத்தைச் சீர்திருத்த நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது இந்த நோட்டைத்தான். வழக்கறிஞர் நோட்டீஸைவிட இதற்குப் பலம் அதிகம்.

சட்டத்துக்கு வருவோம். கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்தியச் சட்டம் வீட்டுக்காரருக்குப் பில்டரை எதிர்க்க நல்ல ஆயுதங்களைக் கொடுத்திருக்கிறது. ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனிச் சொத்தாகப் பில்டர் விற்க முடியாது, அது பொது இடத்தின் பகுதி என்று நஹல்சந்த் லாலூசந்த் வழக்கில் 2010 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016இன் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இன்னும் தூரம் போனது. பெரும்பான்மை வீடுகள் முன்பதிவாகி மூன்று மாதங்களுக்குள் சங்கம் அமையப் பில்டர் வழி செய்ய வேண்டும். பொது இடங்களைச் சங்கத்தின் பெயருக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்தால் முப்பது நாளில் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். நொய்டாவில் சூப்பர்டெக் நிறுவனத்தின் இரட்டைக் கோபுரங்கள் இடிந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதே வளாகத்தின் எமரால்ட் கோர்ட் குடியிருப்போர் சங்கம் 2014இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் வென்று, 2021 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்திலும் வென்றது; 2022 ஆகஸ்ட் 28 அன்று அந்தக் கோபுரங்கள் சில நொடிகளில் மண்ணாயின. பூங்காவுக்கென்று காட்டப்பட்ட இடத்தில், ஏற்கெனவே குடியிருந்தவர்களின் ஒப்புதல் இல்லாமல் எழுப்பியவை அவை. ஓய்வுபெற்றவர்களும் மாதச் சம்பளக்காரர்களும் சேர்ந்து பணம் போட்டு, ஆண்டுக்கணக்கில் நடத்திய வழக்கு அது. ஒழுங்காக நடக்கும் சங்கம் எவ்வளவு பெரிய வலிமை என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஆனால் எதிரே நிற்பது பில்டராக இல்லாமல் சொந்தச் சங்கமாகவே இருந்தால் இந்த ஆயுதங்களில் பல கைக்கு வருவதில்லை. ரெரா சட்டத்தின் 31ஆம் பிரிவில் புகார் கொடுப்பது பில்டர், வீடு வாங்கியவர், முகவர் ஆகியோர் மீதுதான். சங்கத்தின் நிர்வாகக் குழு அந்த வரிசையில் இல்லை. தனியார் சங்கத்தின் மீது ரிட் மனு போட்டால் உயர் நீதிமன்றம் பொதுவாக ஏற்பதில்லை. உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம். வழக்கு முடியும்போது நிர்வாகக் குழு மூன்று முறை மாறியிருக்கும். இந்த இடைவெளிதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. அந்நியனை எதிர்க்க வழி செய்த சட்டம், அண்டை வீட்டுக்காரர் தவறு செய்தால் போகும் வழியை ஏறக்குறைய யோசிக்கவே இல்லை.

ஏறக்குறைய என்று சொல்லக் காரணம், பலரும் மறந்துவிட்ட ஒரு பழைய சட்டம். தமிழ்நாட்டில் கணிசமான குடியிருப்புச் சங்கங்கள் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவானவை. அந்தச் சட்டப்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும். வரவு செலவு அங்கே வைக்கப்பட வேண்டும். நிர்வாகிகள் பட்டியலும் ஆண்டுக் கணக்கும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கலாக வேண்டும். 36ஆம் பிரிவு இதைவிட முக்கியமானது. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் கையெழுத்திட்டு விண்ணப்பித்தால், சங்கத்தின் அமைப்பு, செயல்பாடு, நிதிநிலை ஆகியவற்றைப் பற்றிப் பதிவாளர் விசாரணை நடத்தலாம், அல்லது வேறொருவரை நடத்தச் சொல்லலாம். பதிவாளர் தாமாகவும் தொடங்கலாம். மாவட்ட ஆட்சியர் சொன்னாலும் தொடங்கலாம். அறுபது வீட்டுக் குடியிருப்பில் இருபது கையெழுத்து. ஓசூரில் இந்த இருபது கையெழுத்தைச் சேர்ப்பதுதான் பாடு. வாங்கியவர்களில் ஒரு பகுதியினர் பெங்களூருவில் இருக்கிறார்கள். ஒரு பகுதியினர் வெளிநாட்டில். அவர்களுக்கு இது முதலீடு. வாடகை வந்து சேர்கிறவரை சங்கத்தில் என்ன நடக்கிறது என்று அவர்கள் கேட்பதில்லை. கேட்காதவரின் ஓட்டு பிராக்சி படிவமாகச் செயலாளரின் கைக்குப் போகிறது.

கணக்குக் கொடுக்க மறுக்கும் சங்கத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் காட்டிப் பயனில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. தலப்பளம் கூட்டுறவு வங்கி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், கூட்டுறவுச் சங்கங்கள் பொது அதிகார அமைப்புகள் ஆகா என்றது. குடியிருப்புச் சங்கமும் அப்படித்தான். அதே தீர்ப்பு, பதிவாளர் பொது அதிகார அமைப்பு என்பதையும், சட்டப்படி அவர் பெறக்கூடிய தகவலை அவரிடம் கேட்கலாம் என்பதையும் சொன்னது. ஆகவே சங்கம் தாக்கல் செய்த நிர்வாகிகள் பட்டியலையும் கணக்கையும் பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். அங்கே எதுவுமே தாக்கலாகவில்லை என்று பதில் வந்தால் அந்தப் பதிலே வலுவான சான்று.

1975ஆம் ஆண்டுச் சட்டம் சங்கீத சபாவுக்கும் விளையாட்டுக் கழகத்துக்கும் பொதுவானது, அடுக்குமாடிக்கென்றே எழுதப்பட்டதல்ல. அடுக்குமாடிக்கென்று 1994இல் ஒரு சட்டம் வந்தது, நடைமுறையில் பெரிதாக வேர்விடவில்லை. அதன் இடத்தில் 2022 அக்டோபரில் சட்டமன்றம் புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டத்தை நிறைவேற்றியது. அது 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது, விதிகள் அதே ஆண்டு செப்டம்பரில் வந்தன. பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்டது அதன் ஒரு பகுதி: பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட எல்லோருடைய ஒப்புதலும் வேண்டும் என்ற நிலை மாறி, மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பினால் போதும் என்றானது. ஒரே ஒருவர் கையெழுத்து போடாததால் விரிசல் விட்ட கட்டடத்தில் நூறு குடும்பம் பயந்து வாழ்வது கொடுமை. அதற்கு இது மருந்து. அதே விதி, நிர்வாகக் குழுவும் ஒரு கட்டுமான நிறுவனமும் கைகோத்துக்கொண்டால் மீதி மூன்றில் ஒரு பங்கினரை வீட்டைவிட்டுக் கிளப்பவும் பயன்படும். கணக்கும் கூட்டக் குறிப்பும் வெளிப்படையாக இல்லாத சங்கத்தின் கையில் இவ்வளவு பெரிய அதிகாரம் போவது எனக்குக் கவலை தருகிறது.

எல்லைக்கு அப்பால் போனால் கதை வேறு. ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டு அத்திப்பள்ளியிலும் சந்தாபுராவிலும் வீடு வாங்கியவர்கள் பலர். அவர்களுக்குத் தமிழ்நாட்டுச் சட்டம் பொருந்தாது. கர்நாடகத்தில் 1972ஆம் ஆண்டின் அபார்ட்மெண்ட் உரிமைச் சட்டம் ஒன்று, அதே ஆண்டின் ஃபிளாட் உரிமைச் சட்டம் ஒன்று, 1960ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம் ஒன்று என மூன்று வழிகள்; எந்த வழியில் பதிவான சங்கம் என்பதைப் பொறுத்து உரிமையும் மாறும். பெங்களூருவின் சோபா ஹிபிஸ்கஸ் குடியிருப்பு வழக்கில் 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பாருங்கள்: 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயமாக அமைந்த சங்கம், தன்னார்வ நுகர்வோர் சங்கம் ஆகாது, ஆகவே அந்தப் பெயரில் நுகர்வோர் ஆணையத்துக்கு வர முடியாது. சங்கத்தின் பெயரில் பல லட்சம் செலவழித்து வழக்கு நடத்தும் முன் இதைப் படித்திருக்க வேண்டும். இரண்டு மாநிலத்திலும் வீடு உள்ள குடும்பங்கள், முதல் வேலையாகத் தங்கள் சங்கத்தின் பதிவுச் சான்றிதழில் எந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பெரும்பான்மை வாக்கு இருந்தால் எதையும் தீர்மானமாகப் போடலாம் என்பது பல நிர்வாகிகளின் எண்ணம். அது தவறு. வீட்டு நாய் வளர்க்கக் கூடாது என்று சங்கங்கள் போடும் விதி செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. விலங்குகள் நல வாரியம் 2015இலேயே சங்கங்களுக்கு இதை எழுத்தில் சொல்லியிருந்தது. மனைப்பிரிவுகளில் நடக்கும் மீறல் இன்னும் பெரிது. பாகலூர் சாலையிலும் ராயக்கோட்டை சாலையிலும் போச்சம்பள்ளிப் பக்கமும் விற்கப்படும் டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவுகளில், சாலைகளைத் தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்த பிறகுதான் அங்கீகாரமே கிடைக்கும். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவானால் பத்து சதவிகிதத் திறந்தவெளியையும் தானமாகக் கொடுத்தாக வேண்டும். தானமாகக் கொடுத்த சாலை பஞ்சாயத்தின் சாலை. அதன் குறுக்கே கேட் போட்டு, "சங்கக் கட்டணம் கட்டாதவர் காருக்கு அனுமதி இல்லை" என்று பலகை வைக்க எந்தச் சங்கத்துக்கும் அதிகாரம் இல்லை. இதை மனை வாங்கியவர்களும் அறிவதில்லை, பக்கத்து ஊர்க்காரர்களும் அறிவதில்லை. தங்கள் வயலுக்குப் போகும் வழி அடைபட்டதாக நினைத்துச் சுற்றிப் போகிறார்கள்.

தண்ணீரை நிறுத்துவது பற்றி என் நிலைப்பாடு கறாரானது. பாக்கியை வசூலிக்கச் சங்கத்துக்கு உரிமை உண்டு. வட்டி போடலாம், வழக்குத் தொடுக்கலாம். குழந்தையும் முதியவரும் இருக்கும் வீட்டின் குழாயை மூடுவது வசூல் ஆகாது, தண்டனை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரருக்கே தண்ணீரையும் மின்சாரத்தையும் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்கிறது. வாடகைக்காரருக்கு உள்ள பாதுகாப்பு சொந்த வீட்டுக்காரருக்கு இல்லை என்று எந்தச் சங்கமும் நேர்மையாக வாதாட முடியாது.

யாருக்கு வீட்டை விற்கலாம், யாருக்கு வாடகைக்கு விடலாம் என்பதில் சங்கம் தலையிடுவது இன்னும் சிக்கலானது. அகமதாபாத்தின் ஜொராஸ்டிரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் தகுதி என்ற அதன் விதியை ஏற்றுக்கொண்டது. ஒரு சிறு சமூகம் தனக்கென்று நிலம் வாங்கி அமைத்த கூட்டுறவுச் சங்கம் அது. அதை எடுத்துக்காட்டி, சந்தையில் யாருக்கும் விற்கப்பட்ட அடுக்குமாடியில் சாதி பார்த்து, மதம் பார்த்து, அசைவம் சமைப்பவரா என்று பார்த்துக் குடித்தனக்காரரைத் திருப்பி அனுப்புவதை நியாயப்படுத்த முடியாது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் ஓசூர். வேலைக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறவர்கள் இப்போது அதில் சேர்ந்திருக்கிறார்கள். இங்கே அந்தப் பழக்கம் தலையெடுத்தால் தொழிற்சாலை வேலைக்கு வரும் இளைஞருக்குத் தங்க இடமே இருக்காது.

கடல் கடந்து பார்த்தால் இந்தச் சிக்கல் எவ்வளவு தூரம் போகும் என்று தெரிகிறது. அமெரிக்காவில் ஏழு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இத்தகைய சங்கங்களின் கீழ் வாழ்கிறார்கள். அங்கே பல மாநிலங்களில் பாக்கிக்காகச் சங்கமே வீட்டை ஏலம் போட முடியும். டெக்சாஸில் ஒரு ராணுவ அதிகாரி ஈராக்கில் பணியில் இருந்தபோது, ஆயிரம் டாலருக்கும் குறைவான பாக்கிக்காக மூன்று லட்சம் டாலர் மதிப்புள்ள அவரது வீடு ஏலத்தில் போனது. வழக்காடி 2010இல் மீட்டார். அந்தக் கோபம் மறு ஆண்டே அம்மாநிலச் சட்டத்தைத் திருத்த உதவியது. கொலராடோ 2022இல் அபராதத்துக்கு உச்சவரம்பு வைத்தது. அபராத பாக்கிக்காக மட்டும் வீட்டை ஏலம் விடுவதைத் தடுத்தது. மயாமியின் ஹாமாக்ஸ் குடியிருப்பில் வீட்டுக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் கணக்குக் கேட்டுப் போராடிய பிறகு, 2022 நவம்பரில் முன்னாள் நிர்வாகிகள் கைதானார்கள்; இருபது லட்சம் டாலருக்கு மேல் சுருட்டியதாகக் குற்றச்சாட்டு. அதன் பின்விளைவாக 2024இல் ஃபுளோரிடா, பெரிய சங்கங்கள் தங்கள் ஆவணங்களை இணையத்தில் வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டது.

அதே ஃபுளோரிடாவில் நடந்த இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2021 ஜூன் 24 அதிகாலையில் சர்ஃப்சைடில் சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத் என்ற பன்னிரண்டு மாடிக் கட்டடம் சரிந்து 98 பேர் இறந்தார்கள். அதற்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பொறியாளர் பெரிய சிதைவைச் சுட்டிக்காட்டியிருந்தார். பழுது பார்க்கச் சுமார் ஒன்றரைக் கோடி டாலர் வசூலிக்க வேண்டும் என்றபோது வீட்டுக்காரர்கள் தகராறு செய்தார்கள். குழுவில் சிலர் பதவி விலகினார்கள். வேலை தள்ளிப் போனது. அதிகம் வசூலிக்கும் குழு எல்லாம் அநீதியான குழு அல்ல. தளத்தில் கசிவு, தூணில் துருப்பிடித்த கம்பி, லிஃப்டின் தேய்ந்த கேபிள், எஸ்.டி.பி. ஓடாமல் கழிவுநீர் ஏரிக்குப் போவது ஆகியவற்றைச் சரிசெய்யக் கேட்கும் பணத்தை மறுப்பவர், உரிமைப் போராளி ஆகமாட்டார். நுரை பொங்கும் கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்தில் வாழும் நாம் எஸ்.டி.பி. செலவை மிச்சம் பிடிக்கச் சொல்ல முடியாது. எதற்காக வசூல், யார் மதிப்பிட்டது, மூன்று விலைப்புள்ளி எங்கே என்று கேட்பதுதான் உரிமை.

தமிழர்கள் பெருவாரியாக வாழும் நாடுகள் இதற்குத் தனி அமைப்பு வைத்திருக்கின்றன. மலேசியாவில் 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி ஒரு தீர்ப்பாயம் 2015 முதல் செயல்படுகிறது. இரண்டரை லட்சம் ரிங்கிட் வரையிலான தகராறுகளை வீட்டுக்காரர் அங்கே கொண்டுபோகலாம். சிங்கப்பூரில் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இதற்கென்று வாரியம் இருக்கிறது. ஒருவரே எல்லா பிராக்சியையும் குவித்துக்கொள்வதற்கு 2019 முதல் உச்சவரம்பும் இருக்கிறது. இலங்கையில் அடுக்குமாடி முகாமைத்துவ அதிகார சபை. நம் நாட்டிலேயே மும்பையில் கூட்டுறவுப் பதிவாளர் உண்டு. அங்கே வாடகைக்கு விட்ட வீட்டுக்குக் கூடுதலாகச் சேவைக் கட்டணத்தில் பத்து சதவிகிதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்ற வரம்பை மும்பை உயர் நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு ஒரு தீர்ப்பாயம் வேண்டும். மாவட்டப் பதிவாளர் பத்திரப் பதிவு வேலையோடு சேர்த்துப் பார்க்கிற பணியாக இது இருக்கும்வரை, 36ஆம் பிரிவு மனுக்கள் கோப்பில் தூங்கும்.

தீர்ப்பாயம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சங்கத்தை எதிர்ப்பவர் மெயின்டெனன்ஸ் கட்டுவதை நிறுத்தக் கூடாது. இதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். பல சங்கங்களின் துணைவிதியில் பாக்கிதாரருக்கு வாக்கு இல்லை. கோபத்தில் கட்டாமல் விட்டவர் தேர்தல் நாளில் வாசலில் நிற்பார். எதிர்ப்பைப் பதிவு செய்துகொண்டு கட்டலாம். ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் எழுதுவது கடிதம் ஆகாது. துணைவிதியின் எண்ணைக் குறிப்பிட்டு, எந்த ஆண்டின் எந்தக் கணக்கு வேண்டும் என்று தெளிவாக எழுதி, ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் மூன்றில் ஒரு பங்குக் கையெழுத்து; அதற்கு மாலையில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டும், பெங்களூருவில் இருப்பவருக்குப் போன் செய்ய வேண்டும். எதிர்ப்பவர் பட்டியலில் இருக்கும் யாராவது ஒருவர் பொருளாளராக நிற்கத் தயாராக இருக்க வேண்டும். அடுத்த குழுவில் உட்கார ஆள் இல்லாத போராட்டம் பழைய செயலாளரிடமே சாவியைத் திருப்பிக் கொடுத்து முடியும்.

சங்கமும் வீட்டுக்காரரும் ஒரே பக்கம் நின்றபோது கிடைத்த வெற்றிகளையும் சொல்ல வேண்டும். மாத மெயின்டெனன்ஸ் 7,500 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் 18 சதவிகித ஜி.எஸ்.டி. என்று வரித்துறை சொன்னதை எதிர்த்துக் கிரீன்வுட் உரிமையாளர் சங்கம் உள்ளிட்டோர் வழக்குத் தொடுத்தார்கள். தாண்டிய தொகைக்கு மட்டுமே வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூலையில் தீர்ப்பளித்தது. பொது விளக்குக்கும் மோட்டாருக்கும் 2022இல் யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆனபோது எழுந்த எதிர்ப்பால், பத்து வீடு, மூன்று மாடிக்குள் அடங்கிய, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு 2023இல் 5 ரூபாய் 50 காசாகக் குறைந்தது. ஓசூரின் பழைய சிறு அடுக்குமாடிகள் பல இந்த வரம்புக்குள் வருபவை. தங்கள் மின் இணைப்பு அந்தப் பிரிவுக்கு மாறியதா என்று அவர்கள் பில்லைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, வாக்கே இல்லாதவர்கள். சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து இரவு வந்து படுக்கும் வாடகைக்காரர்தான் பல குடியிருப்புகளில் உண்மையாக மெயின்டெனன்ஸ் கட்டுபவர். லிஃப்ட் நின்றால் ஏறுபவர் அவர். தண்ணீர் வராவிட்டால் குடத்தோடு நிற்பவர் அவர். பொதுக்குழுவுக்குள் அவர் வர முடியாது. உரிமையாளரோ வருவதே இல்லை. சொத்து பற்றிய தீர்மானங்களில் உரிமையாளர் மட்டும் வாக்களிக்கட்டும். மாதக் கணக்கு, தண்ணீர், காவல், துப்புரவு ஆகியவை பேசப்படும் கூட்டத்தில் வாடகைக்காரர் உட்கார்ந்து கேட்கவும், டேங்கர் நோட்டில் கையெழுத்திடவும், கணக்கின் நகலைப் பெறவும் இடம் வேண்டும். இதற்குச் சட்டமன்றம் போக வேண்டியதில்லை. துணைவிதியைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் ஒன்றைப் பொதுக்குழுவில் நிறைவேற்றி மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்துவிட்டால் அது செல்லும். மார்ச்சில் கணக்காண்டு முடிந்து பொதுக்குழு நோட்டீஸ் ஒட்டும்போது, அஜெண்டாவில் இதையும் ஒரு பொருளாகச் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கேட்கலாம்.